நண்பர்களைப் பார்க்கப் போகும் 12 நாள் கார் பயணம்: எங்கள் இலக்குகளை எப்படிப் பேசி முடிவு செய்வது?

கேள்வி: புதுத்தடம்

எனக்கும் என் கணவருக்கும் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருவருக்கும் வயது முப்பதுக்குள்தான். அடுத்த மாதம் இருவருக்கும் சேர்ந்தாற்போல 12 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு இவ்வளவு நீண்ட விடுப்பு ஒன்றாக வாய்ப்பது இதுவே முதல் முறை. எங்களுடைய சிறிய காரிலேயே புறப்பட்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்களின் ஐந்து வீடுகளுக்குப் போய்த் தங்கி, ஒரு சுற்றாகச் சுற்றி வீடு திரும்புவது எங்கள் திட்டம். வரைபடத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் வருகிறது. அவர் எட்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். நான் ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதந்தான் ஆகிறது. நெடுஞ்சாலையில் இதுவரை மூன்று முறைதான் ஓட்டியிருக்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு நோக்கமும் உண்டு. நான் இங்கே எழுதுவதற்குக் காரணமும் அதுதான். நான் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வுப் படிப்பில் சேர விரும்புகிறேன். அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேறு ஊரில் இருக்க வேண்டியிருக்கும். அவருக்கோ மாதச் சம்பள வேலையை விட்டுச் சொந்தமாகத் தச்சுப் பட்டறை தொடங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் வீட்டு மேசையையும் புத்தக அலமாரியையும் விடுமுறை நாள்களில் அவரே செய்தார், இரண்டும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. எங்கள் சேமிப்பு இந்த இரண்டில் ஒன்றைத்தான் இப்போதைக்குத் தாங்கும். இதைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் ‘நீ முதலில் படி’ என்று அவர் சொல்கிறார், ‘இல்லை, நீங்கள் முதலில் தொடங்குங்கள்’ என்று நான் சொல்கிறேன். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கேட்பவர்களுக்கு விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும் அந்தப் பேச்சுக்கு அடியில் இருவருக்குமே மனத்தாங்கல் இருப்பதை நான் உணர்கிறேன்.

நாங்கள் பார்க்கப் போகிறவர்களில் ஒருத்தி, திருமணத்துக்குப் பிறகு கணவரைப் பிரிந்திருந்து படித்து முடித்தவள். ஒருவர் சொந்தத் தொழில் நடத்துகிறார். ஒரு வீட்டில் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. ஒருவர் தனியாக வாழ்கிறார். மற்றொரு தம்பதி, இருவருமே நிலையான வேலையில் மனநிறைவோடு இருப்பவர்கள். இவர்களையெல்லாம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, எங்கள் ஒவ்வொருவருக்கும் இலக்கு என்ன, எது முதலில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதே சமயம் பயணம் முழுவதும் அலுவலகக் கூட்டம் போல ஆகிவிடவும் கூடாது. கார் ஓட்டும் நேரத்திலேயே இதைப் பேசலாமா? நண்பர்களிடம் எங்கள் எண்ணத்தைச் சொல்லலாமா? இப்படிப் பயணம் செய்து பார்த்தவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நெடுவழி

சகோதரி, இலக்குகளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் வருவார்கள். நான் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். களைத்துப்போன இருவரால் உருப்படியான எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் திட்டமோ, இப்போதிருக்கும் நிலையில், உங்களை நன்றாகக் களைப்படைய வைக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து வீடுகளுக்குப் போய்த் திரும்ப ஆறு ஓட்டங்கள். 1,900 கிலோமீட்டரை ஆறால் வகுத்தால் ஓர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 317 கிலோமீட்டர். இளைப்பாற நிற்கும் நேரத்தையும் ஊருக்குள் நெரிசலில் நகரும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 55 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே 12 நாள்களில் ஆறு நாள் சாலையிலேயே போய்விடும். மீதியுள்ள ஆறு நாள்களை ஐந்து வீடுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வீட்டில் ஒரு முழு நாள்தான் கிடைக்கும். வந்தோம், விருந்துண்டோம், படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம் என்று அது முடியும். வீடுகளை மூன்றாகக் குறையுங்கள். நான்கு ஓட்டங்கள், எட்டு முழு நாள்கள். வீட்டுக்கு இரண்டு நாளாக ஆறு நாள், மற்ற இரண்டு நாள்கள் யார் வீட்டிலும் இல்லாமல் வழியில் ஓர் அறை எடுத்து நீங்கள் இருவர் மட்டும் இருப்பதற்கு. உங்கள் நோக்கத்துக்கு அந்த இரண்டு நாள்கள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நண்பர்களைப் பார்க்கப் போகும் பயணத்தில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நெடுநாள் கழித்துச் சந்திப்பதால் நள்ளிரவு ஒரு மணி வரை பேசிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்போம். மகிழ்ச்சியாக இருந்த இரவு என்பதால் அது தூக்கமிழந்த இரவு என்பதே நமக்குத் தோன்றாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது; பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் விதித்திருக்கும் எல்லையே அதுதான். எனவே கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவுப் பேச்சைப் பத்து மணிக்கு முடித்துக்கொள்ளப் போவதாக நண்பர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் நில்லுங்கள். நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரையிலும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையிலும் உடல் தானாகவே தூக்கத்தை நாடும். அந்த நேரங்களில் ஓட்டாமல் இருப்பது நல்லது. கண் சொருகினால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே கால் மணி நேரம் கண்ணயர்ந்தால், காபியின் வேலை தொடங்கும் நேரமும் நீங்கள் விழிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமையும்.

ஓட்டும்போது பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் சாலையையும் பார்த்துக்கொண்டிருப்பதால், நெரிசல் கூடும்போது பேச்சைத் தாமாகவே குறைத்துக்கொள்கிறார் என்றும், கைபேசியில் பேசுபவரால் அது இயலாது என்றும் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மேலும், முகத்துக்கு முகம் பாராமல் ஒரே திசையை நோக்கி உட்கார்ந்திருக்கும்போது, வீட்டில் சொல்ல வராத சில செய்திகள் இயல்பாக வெளிவருகின்றன. இது என் சொந்த அனுபவம். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் 28 மீட்டரைக் கடந்துவிடுகிறது. மனம் கலங்கிய இரண்டு நொடியில் 56 மீட்டர். நினைவுகள், ஆசைகள், ‘அப்படி இருந்தால் எப்படி இருக்கும்’ என்பன காருக்குள் இருக்கட்டும்; பணக்கணக்கும் யாருக்கு முதல் வாய்ப்பு என்ற வாதமும் நின்ற இடத்தில் நடக்கட்டும். யாராவது ஒருவருடைய குரல் உயர்ந்தால் மறுபேச்சில்லாமல் அந்தப் பேச்சை அடுத்த நிறுத்தத்துக்கு ஒத்திவைப்பது என்று கிளம்பும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

நீங்களும் கட்டாயம் ஓட்டுங்கள். காலையில் வெளிச்சம் வந்த பிறகு, நேரான சாலையில், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் கணவர் பயிற்சியாளராக மாறக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் சொல்லலாம். டயர் காற்றழுத்தத்தை, கார் ஓடிச் சூடேறும் முன், காலையில் பாருங்கள்; சாமான்கள் நிறைந்த காருக்கு எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

மறுமொழி: கார்காலம்

உங்கள் கேள்வியைப் படித்தபோது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் கணவரும் போன ஒரு பயணம் அப்படியே நினைவுக்கு வந்தது. நாங்களும் இலக்குகளோடு திரும்ப வேண்டும் என்றுதான் கிளம்பினோம். முதல் இரவிலேயே ஒரு நோட்டை எடுத்து ‘நம் இலக்குகள்’ என்று தலைப்பிட்டு, பேசிப் பேசி ஏழு இலக்குகளை எழுதினோம். மிகுந்த நிறைவோடு உறங்கினேன். ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் பார்த்தபோதுதான், ஏழில் ஐந்து அவருடைய விருப்பங்கள் என்பதும், நான் அவற்றுக்குத் தலையாட்டியதையே என் விருப்பம் என்று நம்பிவிட்டேன் என்பதும் புரிந்தது. அவர் என்னை வற்புறுத்தவே இல்லை. அவர் தெளிவாகப் பேசக்கூடியவர், நான் கேட்டுக்கொண்டே யோசிப்பவள். ஒரே நோட்டில் எழுதினால் பேசுபவரின் கைதான் ஓங்கும்.

அதனால் உங்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இரண்டு நோட்டுகள் வாங்குங்கள். முதல் ஐந்தாறு நாள்கள் அவரவர் நோட்டில் அவரவர் மட்டும் எழுதுங்கள்; ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். பிறகு நெடுவழி சொன்ன அந்தத் தனி நாள்களில் ஒருவர் படிக்க, மற்றவர் கேளுங்கள். கேட்பவர் அன்று கேள்வி மட்டும் கேட்கலாம். முடியுமா, முடியாதா, பணம் எங்கே என்பதெல்லாம் மறுநாளைக்கு. ‘நீ முதலில், நீங்கள் முதலில்’ என்ற உங்கள் பேச்சு ஏன் நின்றுவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இருவரும் தம் விருப்பத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே பங்கீட்டுக்குத் தாவிவிடுகிறீர்கள். அவர் எத்தகைய பட்டறையை மனத்தில் வைத்திருக்கிறார், காலையில் அங்கே போய் முதலில் என்ன செய்வார், எத்தனை பேர் உடன் இருப்பார்கள் என்பதை அவர் உங்களிடம் முழுமையாகச் சொல்லியிருக்கிறாரா? நீங்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடி ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா?

இணையர் ஒருவர் மற்றவரை அவர் ஆக விரும்பும் மனிதராகவே கண்டு, அப்படியே நடத்தும்போது, அவர் உண்மையிலேயே அந்த நிலையை நோக்கி நகர்கிறார் என்று உறவுகளை ஆராயும் உளவியலாளர்கள் 1999இல் எழுதினார்கள். கல்லுக்குள் இருக்கும் உருவத்தைச் சிற்பி வெளிக்கொணர்வது போல என்பதால் மைக்கலாஞ்சலோவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். எனக்கு அந்த உவமையில் பிடித்தது, சிற்பி முதலில் கல்லைப் பார்க்க வேண்டும் என்பதுதான். நம்முடைய ஆசைக்கு ஏற்ற உருவத்தை அடுத்தவர்மேல் செதுக்கிவிடுவது எளிது. அன்பு மிகுதியாக இருக்கும் இடத்திலும் அது நடக்கிறது, எனக்கும் நடந்தது.

எழுதும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இயன்றதைச் செய்வேன்’ என்பதைவிடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு மனிதரை அதிகம் செயல்பட வைக்கிறது என்பதை உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நிறுவினார்கள். ஆனால் அதே ஆய்வு மரபில் பிறகு கண்டுகொண்ட இன்னொன்றைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: வேலையே புதிதாக இருக்கும்போது, ‘இவ்வளவு ஈட்டுவேன்’ என்ற இலக்கைவிட ‘இன்னதைக் கற்றுக்கொள்வேன்’ என்ற இலக்கு நல்ல பலன் தருகிறது. உங்கள் கணவர் ‘முதல் ஆண்டில் இவ்வளவு வருமானம்’ என்று எழுதினால், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ‘ஒரு மேசைக்கு மரம், கூலி, வீணாகும் துண்டு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து அடக்க விலை எவ்வளவு என்பதை ஆறு மாதத்துக்குள் பத்து வேலைகளைச் செய்து அறிந்துகொள்வேன்’ என்று எழுதினால், அது அவர் இன்றைய வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியது.

பிறகு தடையை எழுதுங்கள். கனவை மட்டும் இனிமையாகக் கற்பனை செய்பவர்களின் முயற்சி தளர்ந்துவிடுகிறது என்றும், கனவுக்குப் பக்கத்திலேயே அதற்குத் தம்முள்ளே இருக்கும் தடையையும் நிறுத்திப் பார்ப்பவர்கள் முன்னேறுகிறார்கள் என்றும் உளவியலாளர் கப்ரியேல் ஓட்டிங்கன் காட்டியிருக்கிறார். தடை தெரிந்ததும், உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய எளிய வாக்கிய அமைப்பைப் பயன்படுத்துங்கள்: ‘இன்னது நேர்ந்தால், அப்போது இன்னதைச் செய்வேன்.’ ‘வேலை முடிந்து வந்ததும் சோர்வாக இருந்தால், உடை மாற்றும் முன் ஒரு பக்கம் படித்துக் குறிப்பெடுப்பேன்’ என்பது போல.

உங்கள் இரண்டு ஆண்டுக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். 1994இல் நடந்த ஓர் ஆய்வில், இளநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் தவறாகப் போனால் எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன எண்ணைக்கூட அது தாண்டிவிட்டது. சேமிப்பை வைத்து முடிவெடுக்கும்போது, இரண்டு ஆண்டு என்பதை மூன்றாக வைத்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது உங்கள் இருவருக்கும் நல்லது.

மறுமொழி: வாசற்படி

எங்கள் வீட்டுக்கு இப்படிப் பயணத்தில் வரும் நண்பர்கள் அதிகம். அதனால் உங்களை வரவேற்கப் போகிறவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஆறு வாரக் குழந்தை இருக்கும் வீட்டில் தங்காதீர்கள். வாருங்கள் என்று அவர்கள் உண்மையான அன்போடுதான் அழைப்பார்கள். ஆனாலும் தங்க வேண்டாம். வழியில் இருந்தால், அவர்களுக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டு, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கிடக்கும் பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஒரு புதிய சூழல் நமக்கு எப்படி இருக்கும் என்பதை நம் கற்பனையைக் கொண்டு கணிப்பதைவிட, இப்போது அந்தச் சூழலில் இருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கணித்தால் கூடுதல் சரியாக வருகிறது என்பதை உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் சோதித்துக் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், அப்படியிருந்தும் மனிதர்கள் தம் கற்பனையையே நம்ப விரும்பினார்கள். ‘அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். பிரிந்திருந்து படித்த உங்கள் தோழியும், சொந்தத் தொழில் நடத்தும் நண்பரும், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எத்தனை மாதம் யோசித்தாலும் கிடைக்காத செய்தியை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது கிடைக்கும். ‘தொழில் எப்படிப் போகிறது?’ என்று கேட்டால் ‘நன்றாகப் போகிறது’ என்ற விடைதான் வரும். ‘நீங்கள் செய்தது சரி என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால், அவர் தம் வாழ்க்கைக்கே வாதாடத் தொடங்கிவிடுவார். என்னிடம் ஒரு நண்பர் ஒருமுறை, ‘போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். என் வேலையைப் பற்றி நானே அறியாமல் இருந்த சிலவற்றைச் சொன்னேன். உங்கள் நண்பரிடம் கடந்த செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள். யார் யார் அழைத்தார்கள், வரவேண்டிய பணத்துக்காக எத்தனை பேருக்கு நினைவூட்டினார், பட்டறையில் கை வைத்தது எத்தனை மணி நேரம், கணக்கெழுதியது எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் தானாக வரும். உங்கள் கணவருக்கு மரத்தோடு இருக்க வேண்டும் என்பது ஆசையா, தமக்குத் தாமே தலைவராக இருக்க வேண்டும் என்பதா என்பது அந்தப் பேச்சில் அவருக்கே தெளிவாகலாம்; இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

எந்தக் கேள்வியோடு வருகிறீர்கள் என்பதை அவர்களிடம் முன்னரே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை. விருந்தினராக வந்து இரவுச் சாப்பாட்டின்போது திடீரென்று நேர்காணல் நடத்தினால், எவ்வளவு நெருங்கிய நண்பருக்கும் சங்கடமாக இருக்கும். அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறியதும் ‘அவர்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள்’ என்று தொடங்காதீர்கள். அந்த ஒப்பீடு உங்கள் இருவரில் ஒருவரைக் கட்டாயம் காயப்படுத்தும்.

புதுத்தடம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் படித்தோம். ‘மரத்தோடு இருப்பதா, தலைவராக இருப்பதா’ என்ற வரியைப் படித்ததும் அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். வீடுகளை மூன்றாகக் குறைத்துவிட்டோம்: தோழி, தொழில் நடத்தும் நண்பர், தனியாக வாழும் நண்பர். குழந்தை இருக்கும் வீடு வழியில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் மட்டும் போவோம். இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கேள்வியை நண்பர்களிடம் சொல்வது சரி. நாங்கள் முடிவு செய்யும் இலக்கையும் அவர்களிடம் அறிவிக்கலாமா? நாலு பேருக்குத் தெரிந்தால் பின்வாங்க மாட்டோம் என்று அவர் நினைக்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி: இளவேனில்

உங்கள் தயக்கத்தின் பக்கம்தான் நான். ‘நான் ஆய்வாளராகப் போகிறேன்’, ‘நான் தொழில் தொடங்கப் போகிறேன்’ என்பவை நாம் யார் என்பதைச் சொல்லும் வாக்கியங்கள். அத்தகைய எண்ணத்தை மற்றவர்கள் அறிந்து தலையசைத்துவிட்டால், பாதி அடைந்துவிட்டது போன்ற நிறைவு வந்து, உழைப்பு குறைந்துவிடுவதாக கோல்விட்சர் குழுவினரே 2009இல் கண்டார்கள். நான் வேலையை விட்டு மொழிபெயர்ப்புக்கு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லிய ஆண்டில் ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்கவில்லை.

மறுமொழி: கார்காலம்

இளவேனில் சொல்வதோடு ஓரளவு மட்டும் உடன்படுகிறேன். 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட பகுப்பாய்வு ஒன்று, முன்னேற்றத்தை அவ்வப்போது பார்ப்பதே இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அந்த முன்னேற்றத்தை எழுதி வைத்தாலோ மற்றவருக்குத் தெரிவித்தாலோ பயன் இன்னும் கூடுகிறது என்றும் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணத்தை அறிவிப்பது வேறு, செய்ததைத் தெரிவிப்பது வேறு என்று நான் புரிந்துகொள்கிறேன். மூன்று வீடுகளிலும் அறிவிக்க வேண்டாம். நீங்கள் மிகவும் நம்பும் ஒரே ஒருவரிடம், ‘ஒவ்வொரு மாத முதல் ஞாயிற்றுக்கிழமையும் செய்ததை மட்டும் சொல்வேன், கேட்டுக்கொள்’ என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அந்தக் கண்காணிப்பு வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்குள் மேற்பார்வையாளர் வேண்டாம்.

புதுத்தடம்

பயணம் முடிந்து நான்கு நாளாகிறது. கேள்வி கேட்டு உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டவள், என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

1,340 கிலோமீட்டர் ஓட்டினோம். அதில் 290 நான். முதல் நாள் அவர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன், அதற்காக அவரிடம் நன்றி சொன்னேன். குழந்தை இருந்த வீட்டில் அவர்கள் எங்களோடு பேசியது பத்து நிமிடம்தான். மீதி நேரம் இருவரும் உறங்கினார்கள், நாங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம்.

தோழியிடம் அவள் படித்த காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைக் கேட்டேன். பகல் முழுவதும் நூலகத்தில் மகிழ்ச்சியாக இருந்ததாகவும், மாலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும் நிமிடத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்றும் சொன்னாள். நான் இதுவரை பயந்தது பணத்துக்கும் படிப்புக்கும். அந்த ஏழு மணியைப் பற்றி யோசித்ததே இல்லை. தொழில் நடத்தும் நண்பர் தம் செவ்வாய்க்கிழமையை விவரித்தபோது, ஒன்பது மணி நேரத்தில் அவர் தம் கையால் வேலை செய்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பது தெரியவந்தது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு அதுவே பிடித்திருக்கிறது. என் கணவர் அன்றிரவு தம் நோட்டில் மூன்று பக்கம் எழுதினார்.

தனியாக இருந்த இரண்டாவது நாளில் படித்துக் காட்டினோம். அவர் எழுதியிருந்ததில் ‘சொந்தப் பட்டறை’ என்ற சொல்லே இல்லை. ‘நல்ல தச்சர் ஒருவரிடம் ஓராண்டு சனி, ஞாயிறுகளில் வேலை கற்க வேண்டும்’ என்று இருந்தது. நான் எழுதியிருந்ததை அவர் கேட்டுவிட்டு, என் ஆய்வுக் கேள்வியைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் கேள்விகள் கேட்டார். இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நான் இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறேன். இடம் கிடைத்தால், மாலை ஏழு மணி ஆனதும் அவர் என்னை அழைப்பார் என்பது ‘இன்னது நேர்ந்தால்’ வாக்கியங்களில் நாங்கள் சேர்ந்து எழுதிய முதல் வாக்கியம். மூன்றாம் ஆண்டுக்குப் படிப்பு நீண்டால் சேமிப்பில் எவ்வளவு வரை தொடலாம் என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை; அவர் சொல்லும் எல்லை எனக்கு மிகவும் தாராளமாகத் தோன்றுகிறது, நான் சொல்வது அவருக்கு மிகவும் இறுக்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை, இரண்டு கணக்குகளையும் எழுதி எடுத்துக்கொண்டு உட்காருவது என்று வைத்திருக்கிறோம்.